காரில் ரேடியோ செட் வைத்த பிறகு பேட்டரி இறங்குகிறது, மைக்கை அழுத்தினால் டேஷ்போர்டில் விளக்குகள் எரிகின்றன. செட்டைக் கழற்றுவதுதான் ஒரே வழியா?

இல்லை, கழற்ற வேண்டியதில்லை. சர்வீஸ் சென்டரில் "வெளி ஆக்சஸரி போட்டிருக்கீங்க சார், அதைக் கழற்றிட்டு வாங்க" என்று சொல்லியிருப்பார்கள். ஸ்கேனரை மாட்டி என்ன கோளாறு கோட் வந்திருக்கிறது என்றுகூடக் காட்டாமல் இப்படித் திருப்பி அனுப்புவது சரியே இல்லை. அமெச்சூர் (ஹாம் ரேடியோ) லைசென்ஸ் எடுத்து, 144-146 மெகாஹெர்ட்ஸில் பேச, வண்டியில் பொருத்தும் 50 வாட் செட் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். லைசென்ஸ் இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள், வயரிங் அப்புறம்.

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இரண்டையும் சேர்த்துத் தேடினால் ஒன்றுமே பிடிபடாது.

நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்குவது எளிதான பகுதி. பாசிட்டிவ் நேரே பேட்டரியிலிருந்து வந்தால், சாவியை எடுத்த பிறகும் செட் ஓடிக்கொண்டிருக்கும். பேசாமல் சும்மா கிடக்கும் செட்டே அரை ஆம்பியர் வரை இழுக்கலாம். ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர் (ஏஹெச்). 35 ஏஹெச் பேட்டரி இரண்டே நாளில் ஸ்டார்ட்டரைச் சுழற்றத் திணறும். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, டிசி கிளாம்ப் மீட்டரை பேட்டரி கேபிளில் மாட்டிப் பாருங்கள். செட்டின் பியூஸை உருவியதும் ரீடிங் சட்டென விழுந்தால் திருடன் அதுதான். சாவியை எடுத்ததும் செட்டுக்குக் கரன்ட் நிற்க, ஹாரனுக்குப் போடும் அதே 12 வோல்ட், 30 ஆம்பியர், 4 பின் ரிலே போதும்: 30 என்று எழுதிய பின்னில் பேட்டரி, 87-ல் செட், 86-ல் சாவி போட்டால் மட்டும் வரும் லைன், 85-ல் எர்த். பியூஸை உருவியும் ரீடிங் குறையவில்லையா? செட்டின் மேல் பழியில்லை, வண்டியில் வேறு எதுவோ இழுக்கிறது.

மைக்கை அழுத்தும்போது விளக்கு எரிவதற்குத்தான் பொறுமை வேண்டும். அதற்கு முன் ஒரு 50 ஓம் டம்மி லோடு வாங்குங்கள், 50 வாட் தாங்குவதாக. ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டினால், அலையை வெளியே விடாமல் சூடாக மாற்றிவிடும் பொருள் அது. ஆன்டெனா கேபிளைக் கழற்றி, அந்த இடத்தில் டம்மி லோடை மாட்டி, இன்ஜின் ஓடும்போது பத்து வினாடி அழுத்துங்கள். விளக்கு இன்னும் எரிகிறது என்றால் கோளாறு கரன்ட் வரும் வழியில். எரியவில்லை என்றால் ஆன்டெனாவிலிருந்து போகும் அலை வண்டியின் ஒயர்களில் ஏறுகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பாகம் பாகமாக மாற்றிப் பார்ப்பது வெறும் பணச் செலவு.

கரன்ட் வழி என்றால், செட்டின் பிளக்கிலேயே மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு அழுத்துங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பேசும்போது அரை வோல்ட் இறங்கினால் பரவாயில்லை. 50 வாட் செட் பேசும்போது 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் கொடுத்திருந்தால், போக வர 10 மீட்டரில் சுமார் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். 4 ஸ்கொயர் போட்டால் அரை வோல்ட்தான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் எடுத்திருந்தால் அதே லைனில் உள்ள மற்றதும் சேர்ந்து தள்ளாடும். ஸ்கேனரில் பி0562, அதாவது வோல்டேஜ் குறைவு என்ற கோட் வரலாம். புதிய பாசிட்டிவ் ஒயரில் பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும், 20 ஆம்பியர் போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "ப்யூர் காப்பர்" என்று ஆன்லைனில் விற்கும் ஒயரிங் கிட்களில் சிலவற்றில் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. அதே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்கு தடை. ஒயர் முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அடித்த இடமும் சீக்கிரம் தளர்ந்து சூடேறும். ஒரே ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் செம்பு, வெள்ளையாக வந்தால் திருப்பி அனுப்புங்கள். இதை விற்பவர்களை யாருமே கேட்பதில்லை.

அடுத்து எர்த். பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் எர்த் போல்ட் பிடித்திருக்கும் தகட்டுக்கும் இடையே, பேசும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். நெகட்டிவ் கிளாம்பிலேயே மெல்லிய ஒயர் போகும் சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தால் அது பேட்டரி சென்சர். செட்டின் நெகட்டிவை முனையில் கொடுக்காமல், பேட்டரியின் எர்த் கேபிள் பாடியில் சேரும் போல்ட்டில் கொடுங்கள். முனையில் கொடுத்தால் செட் இழுக்கும் கரன்ட் சென்சரின் கணக்கில் வராது, சார்ஜிங் குழம்பும். "நாங்கள் எப்போதும் முனையில்தான் கொடுப்போம்" என்று அனுபவஸ்தர்கள் சண்டைக்கு வருவார்கள். சென்சர் இல்லாத பழைய வண்டிக்கு அவர்கள் சொல்வதும் சரிதான்.

அலைதான் காரணம் என்றால் செட்டை லோ பவருக்கு மாற்றிப் பாருங்கள். 5 வாட்டில் விளக்கு எரியாது, 50-ல் எரியும் என்றால் சந்தேகம் உறுதி. ஆன்டெனா டிக்கி ஓரத்தில் பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் அதற்குக் கீழே எர்த்தாக வேலை செய்யும் சரியான உலோகத் தளம் இல்லை, கேபிளின் வெளிச்சல்லடையே ஆன்டெனாவாக வேலை செய்யும். கூரையின் நடுவுக்கு மாற்றுங்கள். 145 மெகாஹெர்ட்ஸ் கால் அலைக்கம்பி அரை மீட்டர்தான். எஸ்டபிள்யூஆர், அதாவது ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1.5-க்குள் இருக்கட்டும். கதவு ரப்பரில் நசுங்கிய கேபிளை மாற்றுங்கள். வண்டியின் ஒயர் கட்டோடு சேர்த்து டேக் போடாதீர்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகத் தாண்டுங்கள். ஒயரில் ஏறும் அலையைத் தடுக்க, 43 மிக்ஸ் (ஒரு ஃபெரைட் வகை) கிளிப் ஃபெரைட்டை ஆன்டெனா கேபிளின் இரு முனையிலும், செட்டின் பவர் ஒயரிலும் மாட்டுங்கள்.

ஏ பில்லர் (முன் கண்ணாடியின் பக்கத் தூண்) உறையைக் கழற்றி ஒயர் இழுக்கும் எண்ணம் இருந்தால், கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் விட்டுவிடுங்கள். மஞ்சள் கனெக்டர், மஞ்சள் உறை போட்ட ஒயர் எதையும் தொடக் கூடாது. தரையோரத்து சில் பிளேட்டுக்குக் கீழே, அந்த மஞ்சள் ஒயர்களை விட்டு விலகிக் கொண்டுபோனாலே போதும்.