சுயபதிப்பும் பிழைப்பும்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

வணக்கம். ஆறு ஆண்டுகள் உழைத்து ஒரு நாவலை எழுதி முடித்திருக்கிறேன். மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்று மறுத்துவிட்டது, மற்ற இரண்டும் ஓராண்டு கழிந்தும் பதில் எழுதவில்லை. இந்நிலையில், தன்னைச் ‘சுயபதிப்புச் சேவை’ என்று சொல்லிக்கொள்ளும் ஒரு நிறுவனம் என் நாவலை ஏற்றுக்கொண்டதாக அறிவித்து ஓர் ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறது. செம்மையாக்கம், அட்டை, அச்சு, விளம்பரம் அனைத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். அதற்கு நான் ஒரு பெருந்தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். நூலை எல்லா வடிவங்களிலும் வெளியிடும் உரிமை, காப்புரிமைக் காலம் முழுவதற்கும் அவர்களுக்கே உரியது என்றும் அதில் எழுதியிருக்கிறது. மின்னூலாக நானே வெளியிடலாமே என்கிறார்கள் நண்பர்கள்.

என் கேள்விகள் மூன்று. இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா? நானே வெளியிட்டால் எதற்குச் செலவழிக்க வேண்டும், எதற்குக் கூடாது? பதிப்பகத்தை நம்பாமல் எழுத்தை மட்டுமே வைத்துப் பிழைக்க முடியுமா? மூன்றாவதற்கு நீங்கள் ஆம் என்றால், அடுத்த ஆண்டு வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்,
பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளும் ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒப்பந்தத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டு கேள்விகளுக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது. பதிப்பகம் என்பது தன் பணத்தை ஒரு நூலின் மீது போட்டு, அந்தத் துணிச்சலுக்கு ஈடாக ஆசிரியரிடமிருந்து சில உரிமைகளைப் பெற்றுக்கொள்ளும் அமைப்பு. சுயபதிப்பு என்றால் பணத்தை ஆசிரியர் போடுகிறார், அதனால் உரிமை முழுவதும் அவரிடமே நிற்கிறது. உங்களுக்கு வந்திருப்பது இரண்டிலும் சேராதது. முதலீடும் நட்டமும் உங்கள் கணக்கில் வருகின்றன, உரிமை மட்டும் அவர்கள் கணக்கில் போகிறது. நாவலை ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று அவர்கள் எழுதியிருப்பது உங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு அச்சிடுகிறவர் எந்தக் கையெழுத்துப் பிரதியையும் மறுப்பதற்குக் காரணமே இல்லை.

‘காப்புரிமைக் காலம் முழுவதும்’ என்ற சொற்களை நீங்கள் எத்தனை ஆண்டுகள் என்று எண்ணிப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. 1886இல் உருவான, காப்புரிமை குறித்த பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி, இலக்கியப் படைப்புக்கான பாதுகாப்பு ஆசிரியரின் ஆயுளுக்கும் அதன் பின் குறைந்தது 50 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். பல நாடுகள் இதை இன்னும் நீட்டியிருக்கின்றன. அப்படியானால், உங்கள் பேரப்பிள்ளைகள் நடுவயதை எட்டும்வரை அந்த நாவலைத் தொட உங்கள் குடும்பத்தாருக்கு அனுமதி இல்லை என்பதற்குத்தான் நீங்கள் பணம் கட்டிக் கையெழுத்திடப் போகிறீர்கள். அதே உடன்படிக்கை, எந்தப் பதிவும் செய்யாமலேயே எழுத்தின் மீதான உரிமை எழுதியவருக்குப் பிறந்துவிடுகிறது என்றும் சொல்கிறது. இத்தகைய நிறுவனங்களின் கட்டணப் பட்டியலில் ‘காப்புரிமை பெற்றுத் தருதல்’ என்று ஒரு வரி இருப்பதுண்டு. உங்களிடம் ஏற்கெனவே இருப்பதையே உங்களுக்கு விற்கும் வரி அது. சில நாடுகளில் பதிவுச் சான்றிதழ் வழக்காடும்போது உதவும். ஆனால் அதை நீங்களே நேரில் பெறலாம்.

இதைச் சற்றுச் சூடாகவே எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் உண்டு. என் முதல் தொகுப்பை இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்திடம்தான் கொடுத்தேன். ஆயிரம் பிரதிகள் அச்சாயின. பெரும்பகுதி கட்டுப் பிரிக்கப்படாமல் கட்டிலுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அதைக்கூட என் அறியாமைக்கான கட்டணம் என்று எடுத்துக்கொண்டேன். சில ஆண்டுகளுக்குப் பிறகு மின்னூலாக்க நினைத்துப் பக்க வடிவமைப்புக் கோப்பையும் அட்டையின் மூலக்கோப்பையும் கேட்டபோது, அவை தங்களுடைய உடைமை என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். கோப்புகளைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, என் கதைகளை நானே முதல் வரியிலிருந்து மறுபடியும் தட்டச்சு செய்தேன். ஆகவே செம்மையாக்குநர், ஓவியர், வடிவமைப்பாளர் என்று யாரிடம் வேலை கொடுத்தாலும், முழுக்கட்டணத்தைச் செலுத்தியதும் மூலக்கோப்புகளும் அவற்றைப் பயன்படுத்தும் உரிமையும் என்னிடம் வந்துவிட வேண்டும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்குக் கூலி கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. கூலியோடு உரிமையையும் சேர்த்துக் கொடுப்பதுதான் தவறு.

இனி செலவு. இதில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1843இல் தன் பதிப்பாளரோடு ஏற்பட்ட மனக்கசப்பால், ‘கிறிஸ்துமஸ் கேரல்’ நூலின் தயாரிப்புச் செலவை அவரே ஏற்று, விற்பனைப் பணியை மட்டும் பதிப்பகத்திடம் தரகு முறையில் ஒப்படைத்தார். பொன்வண்ண எழுத்து பொறித்த துணி அட்டை, வண்ணம் தீட்டிய படங்கள் என்று எதிலும் அவர் குறை வைக்கவில்லை. விலையையோ எல்லோரும் வாங்கும்படி ஐந்து ஷில்லிங்காகவே வைத்தார். டிசம்பர் 19இல் வெளிவந்த நூலின் 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்கு முன்பே தீர்ந்துவிட்டன. ஆயிரம் பவுண்டாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, முதற்பதிப்பின் கணக்கை முடித்தபோது மிஞ்சியது ஏறத்தாழ 230 பவுண்டு. மறுமாதமே திருட்டுப் பதிப்பு ஒன்று வந்தது. வழக்குத் தொடுத்து வென்றார், ஆனால் எதிர்த்தரப்பு திவாலானதாக அறிவித்துவிட, 700 பவுண்டு வழக்குச் செலவும் அவர் தலையிலேயே விழுந்தது. அன்றைய ஆங்கில உலகின் மிகப் பெரிய எழுத்தாளருக்கு நேர்ந்தது இது. நூல் விற்றதா என்பது ஒரு கணக்கு, கையில் நின்றதா என்பது வேறு கணக்கு.

ஆகவே முதல் நூலுக்கு ஆயிரம் பிரதிகளை அச்சிட்டு அடுக்க வேண்டாம். வாங்குகிறவர் கேட்கும்போது ஒரே ஒரு பிரதியை அச்சிட்டு அனுப்பும் முறை இன்று எல்லோருக்கும் எட்டுகிறது. பிரதிக்கு ஆகும் செலவு அதில் கூடுதல்தான். கட்டிலுக்கு அடியில் எதுவும் சேராது. விளம்பரத்துக்கும் இப்போது செலவழிக்காதீர்கள். ஒரே ஒரு நூல் இருக்கும்போது செய்யும் விளம்பரம், அதைப் படித்து முடித்தவருக்கு அடுத்ததாகக் கொடுக்க உங்களிடம் எதுவும் இல்லாததால், பெரும்பாலும் வீணாகிறது.

பணத்தின் பெரும்பகுதி செம்மையாக்கத்துக்குப் போகட்டும். அது ஒரு வேலை அன்று, மூன்று வேலைகள். நாவலின் கட்டமைப்பைப் பார்த்து, இந்த அத்தியாயம் தேவையில்லை, இந்தப் பாத்திரம் பாதியில் காணாமல் போகிறது என்று சொல்வது முதலாவது. வாக்கியம் வாக்கியமாகச் சீர்செய்வது இரண்டாவது. எழுத்துப்பிழை, சந்திப்பிழை, ஒரு பக்கத்தில் ஒருவிதமாகவும் மறுபக்கத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட பெயர் ஆகியவற்றைப் பிடிக்கும் மெய்ப்புத் திருத்தம் மூன்றாவது. நம்மில் பலர் மூன்றாவதை மட்டும் செய்துவிட்டு ‘எடிட் செய்தாயிற்று’ என்று சொல்லிக்கொள்கிறோம். ஆறு ஆண்டுகள் ஒரே பிரதியோடு வாழ்ந்த உங்கள் கண், அங்கே எழுதப்பட்டிருப்பதைப் பார்க்காது. எழுத நினைத்ததைத்தான் பார்க்கும். பதில் எழுதாத அந்த இரண்டு பதிப்பகங்களும் உங்களுக்குச் செய்யத் தவறிய பேருதவி இந்த அந்நியக் கண்தான். அதை இனி நீங்கள் விலைகொடுத்து வாங்க வேண்டும். அட்டையை ஒரு நல்ல வடிவமைப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

மின்னூல் தளங்களைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான், ஆனால் அந்தத் தளங்களின் உள்வேலையைத் தெரிந்துகொண்டு நுழையுங்கள். அவற்றுள் பெரியதான அமேசான் கிண்டிலில், நூலின் விலை அவர்கள் வகுத்த எல்லைக்குள் இருந்தால் பொதுவாக 70 விழுக்காடும், எல்லைக்குக் கீழோ மேலோ போனால் 35 விழுக்காடும் ராயல்டியாகத் தருகிறார்கள். 70 விழுக்காட்டுத் திட்டத்தில் கோப்பின் அளவுக்கேற்ப ஒரு சிறு கட்டணமும் கழியும் என்பதால், படங்கள் நிறைந்த நூல்களுக்குக் கணக்கு மாறும். ஒரு மாதத்தின் விற்பனைக்கான பணம் அந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாட்கள் கழித்துத்தான் வரும். சந்தா செலுத்தும் வாசகர்கள் படிக்கும் திட்டத்தில் நூலைச் சேர்த்தால், படிக்கப்பட்ட பக்கங்களுக்குத் தனியாகப் பணம் உண்டு. ஆனால் அதற்கு நிபந்தனையாக 90 நாட்களுக்கு உங்கள் மின்னூல் வேறு எங்கும், உங்கள் சொந்தத் தளத்தில்கூட, இருக்கக் கூடாது. அந்த 90 நாட்களும் தாமாகவே புதுப்பிக்கப்படும் என்பதைக் கவனிக்காமல் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அச்சு நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை அத்தளம் இலவசமாகத் தருகிறது, ஆனால் அந்த எண்ணோடு வேறு அச்சகத்துக்குப் போக முடியாது. முடிந்தால் உங்கள் பெயரிலேயே எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தும் நாளையே மாறலாம். 2014இல் அந்தச் சந்தாத் திட்டம் தொடங்கியபோது, வாசகர் ஒரு நூலில் பத்து விழுக்காட்டைத் தாண்டிவிட்டாலே ஆசிரியருக்கு ஒரு தொகை கிடைத்தது. நூல் முப்பது பக்கமா, முந்நூறு பக்கமா என்று பார்க்கவில்லை. பலர் நாவல்களைத் துண்டு துண்டாக வெட்டித் தொடராக வெளியிட்டார்கள், குறுநூல்களை எழுதிக் குவித்தார்கள், அதை ஒரு தொழில்முறையாகவே கற்றுக்கொடுத்தார்கள். 2015 ஜூலையில் கணக்கு பக்கங்களுக்கு மாறியது. துண்டுகளை நம்பிப் பிழைப்பை அமைத்துக்கொண்டவர்களின் வருமானம் சரிந்தது. தளத்தின் மீது குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை, அது அவர்களுடைய கடை. அடுத்தவர் நிலத்தில் குடிசை போடலாம், மாடி கட்டக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

உங்கள் சொந்த நிலம் வாசகரின் முகவரி. நூலின் கடைசிப் பக்கத்தில், அடுத்த நூல் வரும்போது தெரிவிக்கிறேன், விரும்பினால் மின்னஞ்சல் முகவரியைத் தாருங்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். முதலாண்டில் நாற்பது பேர் தரக்கூடும். எந்தத் தளம் மூடப்பட்டாலும், எந்த விதி மாறினாலும், அந்த நாற்பது பேரிடம் நீங்கள் நேரே பேச முடியும். சமூக ஊடகத்தில் நாற்பதாயிரம் பேர் பின்தொடர்வதைவிட இதை நான் உயர்வாக மதிக்கிறேன், அங்கே உங்கள் அறிவிப்பு யார் கண்ணில் படும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை என்பதால்.

பிழைப்பைப் பற்றிப் பேசும்போது, 2008இல் அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி எழுதிய ‘ஆயிரம் உண்மையான ரசிகர்கள்’ என்ற கருத்தை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஆயிரம் பேர் ஆண்டுக்கு நூறு டாலர் வீதம் ஒரு கலைஞருக்குச் செலவிட்டால், லட்சம் டாலர் ஆகிறது, அவர் வாழ்ந்துவிடலாம் என்பது அதன் சாரம். பாடகருக்கும் ஓவியருக்கும் இது பொருந்தக்கூடும். ஆண்டுக்கு ஒரு நாவல் எழுதுகிறவர் ஒரு வாசகரிடம் நூறு டாலருக்கு எதை விற்பார்? பிரதிக்கு 3 டாலர் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே தொகைக்கு 33,000க்கு மேற்பட்ட பிரதிகள் விற்க வேண்டும். இதனால்தான் சுயபதிப்பில் காலூன்றியவர்கள் பெரும்பாலும் ஒரு நூலை நம்பியவர்கள் அல்லர். பத்தாவது நூலைக் கண்டு வருகிற வாசகர் முந்தைய ஒன்பதையும் தேடி வாங்குவதை நம்பியவர்கள். 2010இல் மின்னூல்களால் பெரும்புகழ் பெற்ற அமாண்டா ஹாக்கிங், ஓரிரவில் வென்றவராகப் பேசப்பட்டார். உண்மையில் அவர் பதிப்பகங்கள் மறுத்த பல நாவல்களை முன்பே எழுதி வைத்திருந்தார், அடுத்தடுத்து வெளியிட அவரிடம் சரக்கு இருந்தது.

அவர் கதையின் பின்பாதியைச் சொல்கிறவர்கள் குறைவு. 2011இல் நான்கு நூல்களுக்கு இருபது லட்சம் டாலர் என்ற ஒப்பந்தத்தோடு அவர் ஒரு பெரிய பதிப்பகத்திடம் போனார். மின்னஞ்சல், அட்டை, செம்மையாக்கம் என்று எழுத்தல்லாத வேலைகளிலேயே பொழுது போய்விடுகிறது, எனக்கு எழுத வேண்டும் என்பதுதான் அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணம். மறுபுறம், அவரைப் போலவே சுயபதிப்பில் தொடங்கிய எழுத்தாளர் ஹியூ ஹோவி, 2012இல் தன் நாவலின் அச்சுரிமையை மட்டும் பதிப்பகத்துக்குக் கொடுத்து மின்னூல் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். உரிமை கையில் இருந்ததால்தான் இருவராலும் பேரம் பேச முடிந்தது. உங்களுக்கு வந்திருக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஒருவரால் இந்த இரண்டில் எதையும் செய்திருக்க முடியாது.

வேலையை விடுவதைப் பற்றி என் கருத்து கடுமையானது: விட வேண்டாம். சம்பளம் இருக்கும்வரை ஒரு நூல் தோற்கலாம். சம்பளம் போன பிறகு தோற்கும் நூல் அடுத்த நூலை எழுத விடாது. என் ஏழாவது நூல்வரை நானும் வேலையில்தான் இருந்தேன். நூல்களின் வருமானம் தொடர்ந்து இரண்டாண்டுகள் வீட்டுச் செலவைத் தாங்கினால் அப்போது யோசியுங்கள். சுயபதிப்பில் பாதி நேரம் வியாபாரத்துக்குப் போகும் என்பதும், அந்தப் பாதி உங்களுக்குப் பிடிக்குமா என்பதும் முதல் நூலிலேயே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் மீண்டும் பதிப்பகங்களுக்கு அனுப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த நிறுவனத்துக்கு ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள்: நூல் வெளிவந்து இரண்டாண்டுகளுக்குப் பிறகு நான் விலகிக்கொள்ள விரும்பினால், உரிமைகளும் கோப்புகளும் எத்தனை நாட்களில் என்னிடம் திரும்பும்? பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். வந்த பதிலையும், நாவலின் முதல் இருபது பக்கங்களையும் எனக்கு அனுப்பிவையுங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.