முட்டைத் தீவனம் போட்டால் குஞ்சு சீக்கிரம் முட்டைக்கு வருமா?

கேள்வி: ஒரு நாள் குஞ்சுகளாகப் பத்து வாங்கினேன். இப்போது மூன்று வாரம் ஆகிறது. பெட்டியில் விளக்குச் சூட்டில் வைத்திருக்கிறேன். வீட்டில் ஏற்கெனவே முட்டை வைக்கும் கோழிகள் இரண்டு உண்டு. அவற்றுக்கு வாங்கும் முட்டைத் தீவனத்தையே குஞ்சுகளுக்கும் போட்டால் சீக்கிரம் முட்டைக்கு வரும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். உண்மையா? விளக்கை எப்போது எடுக்கலாம்? பெரிய கோழிகளோடு எப்போது விடலாம்? முதல் முட்டை எப்போது கிடைக்கும்?

பதில்: முதல் வேலையாக, அந்த முட்டைத் தீவன மூட்டையைக் குஞ்சுகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதைத் தின்றால் குஞ்சு சீக்கிரம் முட்டைக்கு வராது, சிறுநீரகம்தான் கெடும்.

முட்டைத் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளரும் குஞ்சுக்குத் தேவை ஏறக்குறைய 1 சதவீதம்தான். முட்டையிடும் கோழி அந்தக் கூடுதல் கால்சியத்தை ஓடாக்கி வெளியே அனுப்பிவிடுகிறது. குஞ்சுக்கு அந்த வழி இல்லை, மிஞ்சியதையெல்லாம் சிறுநீரகம் வெளியேற்றியாக வேண்டும். வாரக்கணக்கில் இப்படி நடந்தால் சிறுநீரகம் பழுதாகும். யூரிக் அமில உப்பு இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளைப் பொடியாகப் படியும். சில குஞ்சுகள் அப்போதே சாகும். மற்றவை பார்க்க நன்றாகவே வளர்ந்து, முட்டை வைக்கத் தொடங்கிய பிறகு திடீரென்று சாகும். பின்னதுதான் மோசம். ஐந்து மாதத்துக்கு முன் போட்ட தீவனத்தை அப்போது யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

ஆறு முதல் எட்டு வாரம் வரை புரதம் 18 முதல் 20 சதவீதம் உள்ள குஞ்சுத் தீவனம் கொடுங்கள். பிறகு, முட்டைக்கு வரும் வரை 15 அல்லது 16 சதவீதப் புரதம் உள்ள வளர் தீவனம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒரு வாரம் கலந்து போடுங்கள். தானியத்தை மட்டும் போட்டு வளர்த்தால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. தானியமோ கீரையோ கொஞ்சம் போடுவதானால் கூடவே பருமணலும் வையுங்கள். கோழிக்குப் பல் இல்லை. வயிற்றில் இருக்கும் சிறு கற்கள்தான் இரையை அரைக்கின்றன.

இனி விளக்கு. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். அந்தக் கணக்கில் உங்கள் குஞ்சுகளுக்கு இப்போது 26 முதல் 29 டிகிரி போதும். ஆனால் வெப்பமானியை விடக் குஞ்சுகளைப் பார்ப்பதே மேல். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டு கத்தினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகத் திரிந்து, தின்று, அங்கங்கே படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. விளக்கைப் பெட்டியின் ஒரு பக்கமாகவே வையுங்கள், வேண்டிய இடத்தைக் குஞ்சு தேர்ந்துகொள்ளும். ஐந்தாறு வாரத்தில் இறகு முழுதாக முளைத்துவிடும். அதன்பின் இரவில் கடுங்குளிர் இல்லையென்றால் விளக்கு தேவையில்லை. வெக்கையான நாட்களில் பகலில் இப்போதே அணைத்துப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: விளக்கை வெறும் ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். கூளத்தில் விழுந்தால் கூடே பற்றி எரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் இப்போது அதிகம் கவனிக்க வேண்டும். மூன்று முதல் ஆறு வாரம் வரை இரத்தக் கழிச்சலின் காலம். இது கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியால் வருவது. எச்சத்தோடு வெளியேறும் அதன் முட்டைகள் ஈரமும் சூடும் உள்ள கூளத்தில் ஓரிரு நாளில் நோய் தரும் பக்குவத்துக்கு வந்துவிடும். விளக்கடியில் சூடு எப்படியும் இருக்கும், நம் கையில் இருப்பது ஈரம் மட்டுமே. தண்ணீர்க் கலனைக் குஞ்சுகளின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள், சிந்தாது. அதைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஒதுங்கி நின்றாலோ எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், உடனே கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். இதற்கு ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பது வழக்கம். தாமதித்தால் இரண்டு மூன்று நாளில் பாதிக் குஞ்சுகள் போய்விடும். வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் வாரத்தில் தடுப்பு மருந்து போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. விட்டுப்போயிருந்தால் அதையும் சேர்த்து இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.

பெரிய கோழிகளோடு இப்போது விடவே கூடாது. கொத்தியே கொன்றுவிடும். நோயைச் சுமந்துகொண்டு வெளியே ஆரோக்கியமாகத் தெரியும் கோழிகளும் உண்டு. குஞ்சுகள் ஏறக்குறைய அவற்றின் பருமனுக்கு வரும் வரை, அதாவது 12 முதல் 16 வாரம் வரை, பொறுங்கள். அதிலும் முதல் இரண்டு வாரம் நடுவில் கம்பி வலை இருக்கட்டும். ஒன்றையொன்று பார்த்துப் பழகிய பின் ஒன்றாக விட்டு, தீவனத் தட்டும் தண்ணீர்க் கலனும் இரண்டிரண்டாக வையுங்கள். ஒன்றை எஜமானிக் கோழி காவல் காத்தாலும் இன்னொன்றில் இளசுகள் தின்னும். கொஞ்சம் கொத்துச் சண்டை நடக்கத்தான் செய்யும். இரத்தம் வந்தால் மட்டும் பிரியுங்கள்.

அப்படி ஒன்றாக இருக்கும் நாட்களில் இரண்டு வகைத் தீவனம் வைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் வளர் தீவனமே போடுங்கள், உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டை வைக்கும் கோழி தனக்கு வேண்டியதைத் தேடித் தின்னும், இளசுகள் பெரும்பாலும் சீண்டாது. ஒரே தீவனத்தில் வேலையை முடிக்க நினைத்த உங்கள் யோசனை தவறில்லை. தேர்ந்த மூட்டைதான் தவறு.

இதற்குள் கூடும் தயாராக வேண்டும். பன்னிரண்டு கோழிக்கு உள்ளே 48 சதுர அடியாவது தேவை. வெளியே உலாவ அதைப்போல் இரண்டு மடங்கு. உட்காரும் கழி கோழிக்கு 10 அங்குலம் என்று மொத்தம் 10 அடி. முட்டைப் பெட்டி மூன்று போதும், ஆனால் அவை கழியை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக வைத்தால் கோழி அதிலேயே தூங்கி அசிங்கப்படுத்தும். சாதாரணக் கோழி வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், நாயும் கீரியும் உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு கம்பி வலைதான் தாங்கும்.

முட்டைக்காகவே உருவாக்கிய இனங்கள் 18 முதல் 22 வாரத்தில் முட்டைக்கு வரும். கனத்த இனங்களும் நாட்டுக்கோழிகளும் 24 வாரத்தைத் தாண்டலாம். விளக்கைக் கூடுதல் நேரம் எரியவிட்டு இதை முன்தள்ள முடியும் என்பது உண்மைதான். பகல் நீள்வதைக் கண்டுதான் கோழியின் உடம்பு முட்டைக்குத் தயாராகிறது. ஆனால் எலும்பும் சதையும் முற்றாத கோழிக்கு அது கேடு. முட்டை சிறுத்துப் போகும், கருப்பாதை வெளியே தள்ளிக் கோழி சாகவும் கூடும். வளரும் காலத்தில் வெளிச்ச நேரத்தைக் கூட்டாதீர்கள். 18 வாரத்துக்குப் பின் மெதுவாகக் கூட்டி 14 முதல் 16 மணி நேரத்தில் நிறுத்துங்கள்.

கொண்டையும் தாடியும் சிவந்து, நீங்கள் முதுகில் கை வைத்ததும் கோழி இறக்கையை விரித்துப் பதுங்கி உட்கார்ந்தால் இன்னும் ஓரிரு வாரம்தான். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க மட்டுமே வேண்டும். ஆண், பெண் என்று பிரிக்காத குஞ்சுகள் என்றால் பத்தில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும், முட்டைக் கணக்கை அதற்கேற்பப் போடுங்கள்.

முதல் முட்டை கண்டதும் முட்டைத் தீவனத்துக்கு மாறலாம். ஒரு கோழிக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீவனமும், அதைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரும் வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் இன்னும் அதிகம். சில மணி நேரம் கலன் காய்ந்தாலே முட்டை குறையும். தொடக்கத்தில் குட்டி முட்டை, இரட்டைக் கரு முட்டை, ஓடில்லாத தோல் முட்டை எல்லாம் வரும். சில வாரத்தில் சீராகிவிடும். அதற்குப் பிறகும் தோல் முட்டை வந்தால் கிளிஞ்சல் கிண்ணம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.