வாசகர் கேள்வி: போதி மரத்தடியில் பக்தியும் பயிற்சியும்

கேள்வி: பெற்றோருக்குப் பிண்டம் போடுவதற்காகக் கயாவுக்குச் சென்றபோது, அருகிலுள்ள புத்தகயாவையும் பார்த்து வந்தோம். கடவுளை வணங்கச் சொல்லாத புத்தருக்கு அங்கே ஆடை சாத்துகிறார்கள், பொன் பூசுகிறார்கள். அரச மரத்திலிருந்து ஓர் இலை உதிர்ந்தால் பத்துப் பேர் ஓடுகிறார்கள். அவர் காட்டிய பயிற்சி அங்கே மிஞ்சியிருக்கிறதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: புத்தரின் இறுதி நாட்களைச் சொல்லும் மகாபரிநிப்பான சுத்தம் என்னும் பாலி நூலில் தங்கள் ஐயத்தின் இரண்டு பக்கங்களும் இருக்கின்றன. குசிநகரத்தில் இரட்டைச் சால மரங்களுக்கிடையே அவர் படுத்திருக்கையில், பருவமல்லாப் பருவத்தில் பூத்த மலர்கள் அவர் மேனியில் சொரிகின்றன. அப்போது அவர் தம் சீடர் ஆனந்தரிடம், மலர் சொரிவது தமக்குரிய உயர்ந்த வழிபாடன்று, அறத்தை அறிந்து அதன்படி ஒழுகுபவரே தம்மை மேலாக வழிபடுகிறவர் என்கிறார். சற்றுப் பின்னர், தாம் பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதலில் போதித்த இடம், மறையும் இடம் ஆகிய நான்கையும் நம்பிக்கையுடையோர் சென்று காண வேண்டும் என்றும், அந்த யாத்திரையில் தெளிந்த மனத்தோடு உயிர் துறப்பவர் நற்கதி அடைவர் என்றும் அதே நூலில் அவரே கூறுகிறார். ஆகவே, தூய பயிற்சி முதலில் இருந்தது, பக்தி பிற்காலத்தில் புகுந்து அதைக் கெடுத்தது என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

பொன்னும் புதிதன்று. முடிசூடிய பத்தாம் ஆண்டில் தாம் சம்போதிக்கு, அதாவது புத்தர் ஞானம் பெற்ற இந்த இடத்துக்கு, சென்றதை அசோகர் எட்டாம் பாறைக் கல்வெட்டில் பொறித்திருக்கிறார். அந்த அறப்பயணத்தின் செயல்களாக அவர் குறிப்பிடுபவற்றுள் முதியோரைக் கண்டு பொன் வழங்குவதும், நாட்டுப்புற மக்களைச் சந்தித்து அறம் பேசுவதும் அடுத்தடுத்து வருகின்றன. கோயிலைச் சூழ்ந்த பழைய கல்வேலியில்கூட குரங்கி என்னும் பெண்மணியின் கொடை எனப் பெயர் வெட்டியிருக்கிறது. உபயதாரர் பெயரை ட்யூப்லைட்டில் எழுதும் நம் வழக்கத்தைக் கேலி செய்வோர் இதையும் நினைவில் கொள்ளலாம்.

தாங்கள் சென்றது குளிர்காலமாயின், கோயிலைச் சுற்றியுள்ள புல்வெளியில் ஆள் நீளத்துக்கு மரப்பலகைகள் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். திபெத்திய மரபினர் அவற்றின் மீது நின்று, கூப்பிய கைகளைத் தலையிலும் தொண்டையிலும் நெஞ்சிலும் வைத்து, பின்னர் முழங்காலிட்டு, உள்ளங்கைகளுக்கு அடியில் துணியோ உறையோ வைத்து முன்னே சறுக்கி, நெற்றி பலகையில் படும்படி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுகிறார்கள். பலர் வணங்கி வணங்கி வழவழப்பாகிவிட்ட பலகைகள் அவை. அவர்களுள் பலர் ஒரு லட்சம் முறை வணங்குவது என்ற கணக்கோடு செய்கிறார்கள். உயர்ந்த தியானங்களைத் தொடங்கும் முன் முடிக்க வேண்டிய ஆயத்தப் பயிற்சி அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் பக்தியாகத் தெரியும் இச்செயல், செய்பவருக்கு அகந்தையை ஒடுக்கும் பயிற்சி. இவ்விரண்டுக்கும் இடையே எங்கே கோடு போடுவீர்கள்?

மாறாக, மரத்தடியில் கண்மூடி அமர்ந்திருப்போர் அனைவரும் பயிற்சியாளர்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். எனக்கு உறுத்துவது ஆடை சாத்துவதன்று. இத்தனை விளக்குக்கு இவ்வளவு புண்ணியம் என்று பேரம் பேசும் மனநிலையும், இலையைப் பிடிக்கும் அவசரத்தில் ஜபத்தில் இருக்கும் முதியவரைத் தாண்டிக் குதிப்பதும்தான். கயாவில் பிடித்த காயையும் கனியையும் விட்டுவிட்டு, ஊர் திரும்பியதும் அதே பிடிவாதத்தோடும் கோபத்தோடும் வாழ்கிற நமக்கு இது புரியாத செய்தியன்று.

கேள்வி: நம் ஊர் அரச மரத்தைச் சுற்றுவது போல நாங்களும் வேண்டிக்கொண்டு சுற்றினோம். அது பிழையா? கடைகளில் விற்கும் போதி இலையை வாங்கலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பிழையில்லை. வலம் வருவது பௌத்தர்களுக்கும் உரிய வழிபாடே. கயாவுக்குப் பிதிர்க்கடன் செய்ய வருவோரும் நெடுங்காலமாக அம்மரத்தை வணங்கியே வருகிறார்கள். இப்போதுள்ள மரமும் புத்தர் அமர்ந்த அதே மரமன்று. முந்தைய மரம் 1876ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தபின், அதன் வழிவந்த கன்றை ஆங்கிலேயத் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் நட்டு வளர்த்தார். கடையில் விற்கும் இலை அந்த மரத்தினுடையதுதான் என்பதற்கு விற்பவர் சொல்லைத் தவிர வேறு சான்று கிடைக்காது. அழகுக்காக வாங்குவதானால் வாங்குங்கள். மரத்தில் பறிக்க மட்டும் முயல வேண்டாம். மறுமுறை சென்றால், கூட்டம் சேருமுன் விடியற்காலையிலேயே போய், கோயிலின் வடபுறத்தில் புத்தர் நடந்து தியானித்ததாகக் கருதப்படும் மேடையருகே அரைமணி நேரம் அமர்ந்துவிட்டு, பிறகு வலம் வரலாம். கைப்பேசிக்கு உள்ளே அனுமதியில்லை என்பது அதற்கு வசதியாகவே இருக்கும்.