ஃபேஸ்புக்ல நான் போடுறத மேனேஜர் மட்டும் பாக்காம பண்ண முடியுமா?

முடியும்ங்க. குன்னூர்ல எஸ்டேட் ஆபீஸ் வேல, மேனேஜர அன்ஃப்ரெண்ட் பண்ணா மறுநாள் மூஞ்சிய பாக்கணும்னு சொல்றீங்க, அப்ப ரெஸ்ட்ரிக்டட் லிஸ்ட்ல போட்டுடுங்க, அவரு ஃப்ரெண்டாவே இருப்பாரு, அவருக்கு நோட்டிஃபிகேஷன் எதுவும் போகாது, நீங்க பப்ளிக்கா போடுறதும் அவர டேக் பண்றதும் மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு போஸ்ட்டுக்குன்னா போடுறப்பவே ஆடியன்ஸ்ல "ஃப்ரெண்ட்ஸ் எக்செப்ட்" போட்டு அவர எடுத்துடலாம்.

நெறைய பேரு கோட்ட விடுறது பழைய போஸ்ட்லதான். டிஃபால்ட் ஆடியன்ஸ மாத்துனா இனிமே போடுறதுக்குத்தான் அது, பழசு அப்படியே பப்ளிக்காவே கெடக்கும். அதுக்கு செட்டிங்ஸ்ல "லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்"னு தனியா இருக்கு, அத அழுத்துனா பப்ளிக்கா இருந்ததெல்லாம் ஃப்ரெண்ட்ஸுக்கு மாறிடும், ஆனா மொத்தமா திரும்ப பழையபடி ஆக்க முடியாது, அதனால யோசிச்சு அழுத்துங்க.

அப்புறம் லீவ் சொல்லிட்டு சிம்ஸ் பார்க் பழக்கண்காட்சிக்குப் போய், கூட வந்தவங்க போட்டோ போட்டா அது அவங்க செட்டிங், உங்க கையில இல்ல (இதுலதான் பாதிப் பேரு மாட்டுறாங்க!). டேக்க எடுக்கலாம், போட்டோ அங்கயேதான் இருக்கும்.

வாட்ஸாப் ஸ்டேட்டஸுக்கு "மை கான்டாக்ட்ஸ் எக்செப்ட்" இருக்கு, ஆனா போடுறதுக்கு முன்னாடியே மாத்துங்க, ஏற்கனவே போட்டதுக்கு அது செல்லாது.