இறக்கைச் சட்டத்தை மான்டி கார்லோவில் (தற்செயல் மாதிரிகளை ஓட்டி எண்ணும் முறை) ஓட்டினால் முறிவே வரவில்லை, ஃபார்ம் (FORM, முறிவு நிகழ்தகவைத் தோராயமாகக் கணிக்கும் முறை) விடை தவறா?

அதை வைத்து ஃபார்ம் தவறு என்று சொல்ல முடியாது. ஃபார்ம் தரும் பீட்டா (நம்பகக் குறியீடு; கூடினால் முறிவு வாய்ப்பு குறையும்) 3.7 என்றால் முறிவு நிகழ்தகவு சுமார் 0.00011. நீங்கள் ஓட்டியது 10,000 மாதிரிகள்; எதிர்பார்க்க வேண்டிய முறிவே ஒன்றுதான். மூன்று ஓட்டத்தில் ஒன்றில் பூஜ்யம் வரத்தான் செய்யும்.

மாதிரி போதவில்லை, அவ்வளவுதான். விடை 10% துல்லியத்துக்கு வர 9 லட்சத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். இறக்கைச் சட்டத்தின் எஃப்இஎம் (சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும்) மாடலை அத்தனை முறை ஓட்டுவது வீண். ஃபார்ம் தந்த டிசைன் பாயின்ட்டை (முறிவு நிகழ அதிக வாய்ப்புள்ள புள்ளி) மையமாக வைத்து இம்பார்ட்டன்ஸ் சாம்பிளிங் செய்யுங்கள், அதாவது முறிவு வரும் பகுதியில் அதிக மாதிரி எடுங்கள். பெரும்பாலும் சில ஆயிரம் போதும்.

அதற்கு முன், விடை தெரிந்த எளிய கணக்கு ஒன்றால் நிரலைச் சோதியுங்கள். தகைவு (பொருளுக்குள் எழும் அழுத்தம்) வலிமையைத் தாண்டினால் முறிவு. வலிமை: சராசரி 400, திட்டவிலக்கம் 24 மெகாபாஸ்கல். தகைவு: 280, 32. இரண்டும் இயல்நிலைப் பரவல். பீட்டா சரியாக 3. லட்சம் மாதிரிக்கு 135 முறிவு வர வேண்டும். இரண்டு மூன்று தடவை ஓட்டியும் 112–158க்கு வெளியே நின்றால் பிழை நிரலில்தான். திட்டவிலக்கம் கேட்கும் இடத்தில் வேரியன்ஸைக் (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) கொடுத்தீர்களா பாருங்கள்.

ஃபார்மும் மாதிரி ஓட்டமும் ஒத்துப்போனாலும் கணக்கு சரி என்றுதான் அர்த்தம், இறக்கை சரி என்றல்ல. உங்கள் 20 கார்பன் ஃபைபர் கூப்பன்கள் (சோதனைத் துண்டுகள்) பத்தாயிரத்தில் ஒன்று என்ற வால்பகுதியைக் காட்டவே காட்டாது. இயல்நிலைக்குப் பதில் வெய்புல் பரவல் (வலிமைக்குப் பயன்படுத்தும் இன்னொரு பரவல்) போட்டுப் பாருங்கள், விடை பத்து மடங்குகூட நகரலாம். கூப்பன்களை வேலூர் மே வெயிலில், ஏசி இல்லாத அறையில் சோதித்திருந்தால் வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். ஃபைபரைப் பிணைக்கும் எபாக்ஸி பிசினின் வெட்டு வலிமை சூட்டில் இறங்கும்.