ஷாம்பு பாரா, உப்புத் தண்ணீரா?

கேள்வி: எனக்கு 34 வயது. கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாமே என்று இரண்டு மாதமாகக் கையால் செய்த ஷாம்பு பாரும் கண்டிஷனர் பாரும் பயன்படுத்துகிறேன். குளித்த பிறகும் முடி பிசுபிசுக்கிறது, சீப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டுகிறது. அம்மா வீட்டுக்குப் போய்க் குளித்தால் அவ்வளவு மோசமில்லை. 'பழைய கெமிக்கல் எல்லாம் வெளியேறுகிறது, பழக மூன்று மாதம் ஆகும்' என்கிறார் விற்றவர். மூன்று வாரமாக முடி கொத்தாகக் கொட்டவும் செய்கிறது. (மூன்று மாதம் முன்பு டெங்கு வந்து தேறினேன்.) பாரை விட்டுவிடட்டுமா?

பதில்: உங்கள் அம்மா வீட்டில் சிறுவாணித் தண்ணீர், உங்கள் குடியிருப்பில் உப்பான போர் தண்ணீர். நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஷாம்பு பார் என்ற பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கின்றன. ஒன்று, தேங்காயெண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சிய அசல் சோப்பு. இதன் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7-க்கு மேல் காரம்) 9, 10 வரை போகும். தலைத்தோலின் பிஎச் 5.5 அளவில்தான் இருக்கிறது. காரம் பட்டால் முடியின் மேற்செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாகும். அதைவிடப் பெரிய தொல்லை உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத அழுக்காகிவிடும். பக்கெட் ஓரத்தில் படிகிற அதே வெள்ளைப் படலம்தான் உங்கள் சீப்பிலும் ஒட்டுகிறது. முடி உயிரில்லாத இழை; அதிலிருந்து 'வெளியேற' ஒன்றுமில்லை. மூன்று மாதம் காத்திருந்தால் படலம் இன்னும் தடிக்கும், அவ்வளவுதான். நம் பாட்டிகள் உப்புத் தண்ணீரிலும் சீயக்காய் போட்டுச் சமாளித்தார்களே என்றால், சீயக்காய் நுரைப்பது சோப்பால் அல்ல, அதிலேயே இருக்கும் சப்போனின் என்ற இயற்கை நுரைப்பொருளால். அது இப்படித் திரியாது.

இரண்டாவது வகை, சோப்பே இல்லாத பார். உறையில் சோடியம் கோக்கோயில் ஐசெதியோனேட் என்று இருக்கும். நீங்கள் வாங்க வேண்டியது இதைத்தான். சோடியம் கோக்கோயேட், சோடியம் பாமேட், சோடியம் ஆலிவேட் என்று போட்டிருந்தால் அது சோப்பு. உறையே இல்லையா? பாரைக் கொஞ்சம் சீவி ஒரு டம்ளர் போர் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். பால் திரிந்த மாதிரி வந்தால் சோப்புதான்.

இப்போது படிந்திருப்பதை எடுக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து தலையில் ஊற்றி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமையல் சோடா மட்டும் வேண்டாம், அதுவும் காரம்தான்.

புதுப் பாரை நேரே முடியில் போட்டுத் தேய்த்தால் சிக்கு விழும். உள்ளங்கையில் நுரைத்து, தலைத்தோலில் மட்டும் தேயுங்கள். கண்டிஷனர் பார் காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்குத்தான். வேரில் போட்டால் மறுபடி பிசுபிசுப்பு.

அப்புறம், அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதினீர்களே, டெங்கு! முடி கொத்தாகக் கொட்டுவதற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கடும் காய்ச்சலுக்குப் பிறகு நிறைய முடி ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து உதிரும். பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவதும் இப்படித்தான். உதிர்ந்த முடியை எடுத்துப் பாருங்கள்: நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது, பெரும்பாலும் காய்ச்சலின் வேலையாக இருக்கும். குமிழ் இல்லாத துண்டு முடியானால் உடைந்தது. அதற்குச் சோப்பைக் குறை சொல்லலாம். வேரோடு கொட்டுவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நிற்கும், முடியும் திரும்ப வளரும். அதற்கு மேலும் கொட்டினால், அல்லது வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தலையில் புண், செதில் வந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பது), தைராய்டு பரிசோதனைகள் தேவைப்படலாம்.

மிச்சமிருக்கும் பாரைத் தூக்கிப் போட வேண்டாம். வாஷ்பேசினில் வையுங்கள், கை கழுவ நன்றாகவே இருக்கும்.