மொய்க் கவரில் மூன்று தாள்: ஜப்பான், அமெரிக்கா பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் ஒரு பகுதியை வெளிநாட்டுப் பயணிகளுக்கு விடுகிறோம். வெந்நீர் வரவில்லையென்றால் அமெரிக்கர்கள் அப்போதே சொல்லிவிடுகிறார்கள். ஜப்பானியர்களோ எல்லாம் நன்றாக இருந்தது என்று வணங்கி விடைபெற்றுவிட்டு, ஊருக்குப் போனபின் முன்பதிவுத் தளத்தில் குறை எழுதுகிறார்கள். நேரில் சொன்னால் என்ன?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: முகத்துக்கு நேரே குறை சொன்னால் வீட்டுக்காரர் தலைகுனிய நேரும் என்று ஜப்பானியர் தயங்குவார்கள். விருந்தாளி வாய்திறக்குமுன் தேவையறிந்து செய்வதே அங்கே உபசாரம். அமெரிக்கர் கணக்கு வேறு. வேண்டியதைக் கேட்பார், செய்து கொடுத்தால் விஷயம் அத்தோடு முடிந்தது.

ஆகவே ஜப்பானியரிடம் 'எல்லாம் வசதிதானே?' என்று கேட்காதீர்கள். 'ஆமாம்' என்பதைத் தவிர அவரால் எதுவும் சொல்ல முடியாது. 'வெந்நீர் இரவு எட்டு மணிக்கா, காலை ஆறு மணிக்கா?', 'காரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லட்டுமா?' என்று கேளுங்கள். அவர்கள் பெரும்பாலும் இரவில் குளிப்பவர்கள். காலையில் மட்டும் கீசர் போடும் வீட்டில் குறை அங்கேதான் தொடங்கும். பதில் சொல்லுமுன் தலையைச் சாய்த்தாலோ, பல்லிடுக்கில் மூச்சை இழுத்தாலோ, 'கொஞ்சம்...' என்று இழுத்து நிறுத்தினாலோ வேண்டாம் என்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பந்தியிலும் கவனம் வேண்டும். ஒரு பருக்கை மீதமின்றிச் சாப்பிடுவது ஜப்பானில் மரியாதை. இலை காலியானதைப் பார்த்து நாம் மறுபடி சோறு வைப்போம். முகம் கோணாமல் அதையும் அவர் சாப்பிடுவார், வயிறுதான் படாதபாடு படும். முதலிலேயே கொஞ்சமாகப் பரிமாறி, போதுமென்றால் இலையை மூடலாம் என்று செய்தே காட்டிவிடுங்கள். அமெரிக்கர் 'போதும்' என்றால் போதும்தான். அதற்குமேல் வற்புறுத்தினால் தன் பேச்சுக்கு மதிப்பில்லை என்று நினைப்பார்.

கேள்வி: மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். உடன் வேலை செய்பவர் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறார். 5,001 யென் மொய் வைக்கலாமா? அமெரிக்காவிலுள்ள மகளுக்கும் இப்படி ஓர் அழைப்பு வந்திருக்கிறது.
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: 5,001 வேண்டாம் ஆச்சி. நண்பருக்கும் சக ஊழியருக்கும் அங்கே வழக்கம் 30,000 யென். 10,000 யென் தாள் மூன்று, மூன்றும் புதுத்தாளாக இருக்கட்டும். தாள்களின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் இரண்டாகப் பிரியும் என்று ஒதுக்குவார்கள். 4, 9 என்ற எண்கள் சாவையும் துன்பத்தையும் நினைவூட்டும் என்பதால் கூடவே கூடாது. நெருங்கிய உறவென்றால் 50,000, அதற்கு மேலும் போகும். நம்மூர்போல் மேலே ஒன்று சேர்ப்பதில்லை. வருபவர் இவ்வளவு கட்ட வேண்டும் என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தால் அதை மட்டும் கொடுத்தால் போதும்.

தொகையைவிடக் கவரில்தான் பலர் தவறுகிறார்கள். கல்யாணக் கவரின் மேல் சுற்றிய கயிறு இழுத்தாலும் அவிழாத முடிச்சாக இருக்க வேண்டும். சுலபமாக அவிழும் பூமுடிச்சு குழந்தை பிறப்பு போன்ற, மறுபடியும் வரலாம் என்கிற நல்ல காரியங்களுக்கு உரியது. கல்யாணத்துக்கு அதைக் கொண்டுபோனால் 'இன்னொரு கல்யாணம் நடக்கட்டும்' என்று வாழ்த்தியதாகிவிடும்! உள்கவரில் தொகையும் முகவரியும், வெளிக்கவரின் கீழ்ப்பாதியில் பெயரும், கறுப்புத் தூரிகைப் பேனாவால் எழுத வேண்டும். துணியில் மடித்துக் கொண்டுபோய், வரவேற்பு மேசையில் எடுத்து, கவரிலுள்ள எழுத்து, வாங்குபவருக்கு நேராகத் தெரியும்படி இரு கையாலும் நீட்டச் சொல்லுங்கள். துக்க வீட்டுக்குப் புதுத்தாள் கூடாது, சாவை எதிர்பார்த்து எடுத்துவைத்தது போலாகும். கையில் புதுத்தாள்தான் இருக்கிறதென்றால் நடுவில் ஒருமுறை மடித்துவிடலாம்.

அமெரிக்காவில் மணமக்களே வேண்டிய பொருள்களைக் கடையில் பட்டியலாகப் பதிந்துவைப்பார்கள். அதில் ஒன்றை வாங்கி நேரே அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வருவதையோ வராததையோ குறித்த தேதிக்குள் மகள் தெரிவித்தாக வேண்டும். அழைப்பில் பெயர் இல்லாதவரைக் கூட்டிப்போகக் கூடாது. நகரத்தார் கல்யாணம்போல் ஊரே வந்து உட்காரும் பந்தி இல்லை, தலைக்கு ஒரு நாற்காலி எண்ணிப் போட்டிருப்பார்கள்.

கேள்வி: ஓட்டலில் டிப்ஸ் எவ்வளவு?
– வாசகர், தேவகோட்டை

பதில்: அமெரிக்காவில் மேசையில் பரிமாறும் ஓட்டலென்றால் பில்லில் 15 முதல் 20 சதவீதம். டிப்ஸ் பெறும் ஊழியருக்கு மத்திய அரசுச் சட்டப்படி முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சம் மணிக்கு 2.13 டாலர்தான். பல மாநிலங்களில் கூடுதல் உண்டு. ஆகவே டிப்ஸ் அவருக்குச் சம்பளத்தின் பகுதி. ஜப்பானில் வேண்டாம். மேசையில் காசை வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

கேள்வி: இன்ஜினியரிங் முடித்திருக்கிறேன். ஒரே வாரத்தில் ஜப்பான் நிறுவனம் ஒன்றும் அமெரிக்க நிறுவனம் ஒன்றும் ஆன்லைனில் நேர்காணல் வைத்திருக்கின்றன. எப்படித் தயாராவது?
– வாசகர், காரைக்குடி

பதில்: அமெரிக்க நிறுவனத்தில் 'நாங்கள் செய்தோம்' என்றே பேசினால் உங்கள் பங்கு தெரியாமல் போகும். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்ற வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லுங்கள். ஜப்பான் நிறுவனத்தில் ஒரு நிமிட அறிமுகத்துக்குப் பின் 'ஏன் எங்கள் நிறுவனம்?' என்ற கேள்வி வரும். எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பதில் எடுபடாது, அவர்கள் தயாரிப்பைப் படித்துவிட்டுப் போங்கள். சாதனையைச் சொல்லும்போது குழுவையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிரிலிருப்பவர் தலையாட்டுவது கவனித்துக் கேட்கிறார் என்பதற்குத்தான், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் முடித்தபின் அவர் சில நொடி பேசாமல் இருந்தால் பதறி மேலே பேசாதீர்கள், யோசிக்க விடுங்கள். ஐந்து நிமிடம் முன்பே இணைப்பில் இருங்கள்.